கேப்பர் மலையில் மாதிரி ரோவர்: துளை போட்டாச்சு, குழாய்க்குள்ள கல் வந்ததா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

#1 கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல ஒரு கல்லூரி மாணவர் குழு செவ்வாய் ரோவர் மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கு. அவங்களுக்காகத்தான் இந்த இழை. இப்போதைய நிலை இது: 6 சக்கரம், ராக்கர்-போகி சஸ்பென்ஷன் (மேடு பள்ளத்துலயும் எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுற அமைப்பு), மொத்த எடை 12 கிலோ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில 60 செ.மீ., சக்கர விட்டம் 15 செ.மீ. முன்னால 40 செ.மீ. நீளுற கை, அதன் நுனியில துளைக்கருவி. நாசாவோட பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயில எடுக்கிற அதே அளவு கல் உருளை எடுக்கணும்கிறது இலக்கு: 13 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம். சோதனை இடம் கேப்பர் மலைச் செம்மண் மேடு, அங்கங்கே துருத்திக்கிட்டு நிக்கிற செங்கல் நிறப் பாறை.

கேள்வி மூணு. எந்தப் பாறையைத் தேர்ந்தெடுக்கணும்? துளைக்கும்போது எவ்வளவு அழுத்தம் தரலாம்? கல் உண்மையாவே குழாய்க்குள்ள வந்ததான்னு மனுஷக் கண் படாம எப்படி உறுதி செய்யறது? மூணாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

#2 சுண்ணாம்பாறு

மூன்றாவது கேள்வியைப் பிடித்தீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓட்டை போடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஓட்டை விழுந்துவிட்டால் கல் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

2021 ஆகஸ்ட் 6. செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் பெர்சிவரன்ஸின் முதல் முயற்சி. பாறைக்கு ரூபியான் என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டளைப்படி எல்லாம் நடந்தது. துளைமுனை முழு ஆழத்துக்கு இறங்கியது, குழாய் வண்டிக்குள் போனது, மூடியும் போட்டாயிற்று. ஆனால் குழாய்க்குள் விடும் அளவுகோல் எதையும் தொடவே இல்லை. காலி. பாறை உருளையாக நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இல்லை; பொடியாகி, பாதி ஓட்டையின் அடியிலும் மீதி ஓட்டையைச் சுற்றிய குவியலிலும் தங்கிவிட்டது. எந்திரத்தில் கோளாறு கிடையாது. கல்தான் ஏமாற்றியது.

அடுத்து என்ன செய்தார்கள் என்பதை உங்கள் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கருவியை மாற்றவில்லை, பாறையை மாற்றினார்கள். ஒரு மேட்டின் முகட்டில், காற்று அரித்தும் கரையாமல் நின்ற ரோஷெட் என்ற பாறைக்குப் போனார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அதிலிருந்து முதல் உருளை கிடைத்தது. சுற்றியிருப்பது கரைந்து போன பிறகும் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அது கெட்டி. கேப்பர் மலையிலும் இதே கண்ணோடு பாருங்கள்.

#3 மொரட்டாண்டி_மேடு

பாறை பற்றி நான் சொல்கிறேன். கேப்பர் மலையிலும், இங்கே புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் பக்கத்து ஓடைகளிலும் தெரிவது ஒரே பாறை வரிசை. நிலவியலில் அதன் பெயரே கடலூர் மணற்பாறைதான். ஊர்ப் பெயரில் ஒரு பாறை இருப்பது கடலூர்க்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது, அது எனக்கு வருத்தம்.

இது ஒரே சீரான கல் இல்லை. மணல் துகள்களை இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் ஒட்டி வைத்திருக்கின்றன. ஒட்டு எவ்வளவு பலமோ கல் அவ்வளவு பலம். அதனால் ஒரே மேட்டில் இரண்டடி தள்ளினாலும் குணம் மாறும். மேலே இரும்பு சேர்ந்து இறுகிய கரும்பழுப்பு ஓடு இருக்கும், அது நல்லது. அதற்குக் கீழே இளஞ்சிவப்பில், நகத்தால் கீறினால் மணலாக உதிர்வது இருக்கும். அது உங்கள் ரூபியான். நடுவில் வெள்ளைக் களிமண் திட்டு வந்தால் துளைமுனையில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும்.

களத்தில் மூன்று சோதனை போதும். இரும்பு ஆணியால் அழுத்தி ஒரு கோடு போடுங்கள்: கோட்டின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள்: ‘டங்’ என்று வந்தால் சரி, ‘பொத்’ என்று வந்தால் உள்ளே விரிசலோ பொருக்கோ இருக்கிறது. சில சொட்டு தண்ணீர் விடுங்கள்: உடனே உறிஞ்சி, ஓரம் கரைந்தால் ஒட்டு களிமண்; உருளை நிற்காது. தண்ணீர்ச் சோதனையைத் துளைக்கப் போகும் இடத்திலேயே செய்யாதீர்கள், ஒரு சாண் தள்ளிச் செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள். திருவக்கரை இதே பாறை வரிசைதான், அங்கே கல்லான மரங்கள் கிடக்கின்றன. அது பாதுகாக்கப்பட்ட தேசியப் புதைபடிவப் பூங்கா. அங்கே துளை போடுவதோ துண்டு எடுப்பதோ கூடவே கூடாது. மேட்டு ஓடைகளில் கல்மரத் துண்டு கண்ணில் பட்டாலும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

#4 கெடிலக்கரை

நன்றிங்க, ஆணிச் சோதனையை உடனே சேர்த்துக்கிறோம். அழுத்தம் பத்தி ஒரு கணக்குப் போட்டோம், சரியான்னு பாருங்க. எடை மையம் நடுவுல, அதாவது முன் அச்சிலிருந்து 30 செ.மீ. பின்னால. 12 × 9.8 = 117.6 நியூட்டன். 117.6 × 0.30 = 35.3 நியூட்டன் மீட்டர். துளைமுனையில 50 நியூட்டன் கொடுத்தா, கை 40 செ.மீ., 50 × 0.40 = 20 தான். அப்ப தாராளமா தாங்கும் இல்லையா?

#5 பெண்ணை_வடகரை

தம்பி, சுழலும் புள்ளியைத் தப்பா எடுத்துட்டீங்க. துளைமுனை பாறையைக் கீழே தள்ளினா, பாறை கையை மேலே தள்ளும். மேலே தூக்குற விசைக்கு வண்டி எதைப் பிடிச்சுச் சுழலும்? பின் அச்சை. முன் அச்சை இல்லை.

பின் அச்சிலிருந்து துளைமுனை 60 + 40 = 100 செ.மீ. தூரத்துல இருக்கு. 50 × 1.0 = 50 நியூட்டன் மீட்டர். வண்டி எடை கொடுக்கிற எதிர்ப்பு 35.3 தான். முன் சக்கரம் தூக்கிடும். உங்க உச்ச வரம்பு 35 நியூட்டன், அதுவும் சமதளத்துல. பாதுகாப்பா 20-க்கு மேல போகாதீங்க. 20 நியூட்டன்ல அந்தக் கரும்பழுப்புக் கல்லைத் துளைக்க ரொம்ப நேரம் பிடிக்கும்.

வழி ரெண்டு. கையைக் குறைக்கறது ஒண்ணு. துளைக்கருவியை வண்டி வயித்துக்குக் கீழே, எடை மையத்துக்கு நேரா செங்குத்துச் சட்டத்துல வைக்கறது இன்னொண்ணு. அங்கே வெச்சா கொள்கைப்படி 117 நியூட்டன் வரைக்கும் கிடைக்கும், 70 வரைக்கும் தைரியமா போகலாம். முதல் வண்டிக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். கை அழகா இருக்கும், ஆனா 12 கிலோ வண்டிக்கு அது பாரம்.

பெர்சிவரன்ஸ் 1,025 கிலோ. செவ்வாயில ஈர்ப்பு 3.71, அதனால அங்கே அதன் எடை சுமார் 3,800 நியூட்டன். 2 மீட்டர் கையை நீட்டித் துளைக்க முடியறதுக்கு அந்த எடைதான் ஆதாரம். உங்க வண்டியைச் செவ்வாய்க்கு அனுப்பினா 44.5 நியூட்டன்தான் தேறும்.

#6 சுண்ணாம்பாறு

ஒன்று சேர்க்கிறேன். அழுத்தத்தை முழுக்கத் துளைமுனை வழியாகவே கொடுக்கத் தேவையில்லை. பெர்சிவரன்ஸின் துளைக்கருவி முகத்தில் இரண்டு முட்டுக் கம்பிகள் உண்டு. கை முதலில் அந்த இரண்டையும் பாறையில் ஊன்றி அழுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு, உள்ளே இருக்கும் தள்ளும் பொறி துளைமுனையை மட்டும் இறக்கும். வண்டி இலேசாக ஆடினாலும் ஓட்டை கோணாது.

பெர்சிவரன்ஸுக்கு முன்பே செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ரோவருக்கும் இதே அமைப்புதான். 2016 டிசம்பரில் அதன் தள்ளும் பொறி மக்கர் செய்தது. ஒன்றரை ஆண்டு யோசித்து, துளைமுனையை நிரந்தரமாக வெளியே நீட்டி வைத்து, முட்டுக் கம்பிகள் பாறையைத் தொடாமல், கையையே தள்ளுகோலாக்கித் துளைத்தார்கள். கையில் இருக்கும் விசை உணரியைப் பார்த்துப் பார்த்துப் பக்கவாட்டு இழுப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2018 மே மாதம் அது பலித்தது. எத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கருவிக்கு இப்படி மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்கள்!

மாணவர்கள் 8 மி.மீ. எஸ்.எஸ். கம்பி இரண்டை, முனையைக் கூராக்கி, துளைமுனைக்கு இருபுறமும் 5 செ.மீ. தள்ளி வைக்கட்டும். கம்பிக்குப் பின்னால் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குப் பின்னால் லோட் செல் (அழுத்த விசையை அளக்கும் உணரி). இரண்டு லோட் செல்லும் காட்டும் எண்ணில் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் துளைக்கத் தொடங்கக் கூடாது; பாறை முகம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

#7 லேத்_முதலியார்பேட்டை

துளைமுனை பத்தி. கடையில கிடைக்கிற டைமண்ட் கோர் பிட் வாங்காதீங்க. அது தண்ணி ஊத்தி ஓட்டறதுக்குச் செஞ்சது. செவ்வாய் மாதிரிச் சோதனைன்னா தண்ணி விடக் கூடாது, காய்ந்த துளைதான். மணற்பாறையில காய்ஞ்சு ஓட்டினா டைமண்ட் இடுக்குல தூள் அடைச்சு, முனை வழுக்க ஆரம்பிக்கும், சூடேறும், அவ்வளவுதான். டங்ஸ்டன் கார்பைடு பல்லு வெச்ச உருளை முனை செஞ்சுக்குங்க. நாலு பல்லு போதும்.

அளவு சொல்றேன். உள்ளே 13 மி.மீ. உருளை நிக்கணும்னா பல்லோட உள்விளிம்பு 13.0, வெளிவிளிம்பு 22. பல்லு உடம்பை விட வெளிப்பக்கம் 0.7 மி.மீ. துருத்தணும், இல்லன்னா தூள் மேல வர வழி இருக்காது. உடம்புல வெளிப்பக்கம் சுருள் காடி ரெண்டு, ஆழம் 1.5 மி.மீ. இந்தக் காடியை விட்டுட்டுச் செஞ்சா 25 மி.மீ. ஆழம் தாண்டினதும் தூள் இறுகி முனை மாட்டிக்கும். திரும்ப எடுக்கறது பெரும்பாடு.

வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 150 சுத்து. அதுக்கு மேல வேண்டாம். 20 வினாடி ஓட்டி, 5 மி.மீ. மேல தூக்கி, 10 வினாடி சும்மா சுத்த விடுங்க. தூள் வெளியே வந்துடும். சுத்தியல் அடி இருக்கிற டிரில்னா அடியை முதல்லயே முழுசா வைக்காதீங்க. அடி இல்லாம ஆரம்பிச்சு, இறங்கும் வேகம் நிமிஷத்துக்கு 2 மி.மீ.-க்குக் கீழே போனா மட்டும் ஏத்துங்க. மெத்துன்னு இருக்கிற கல்லுல அடி கொடுத்தா உருளை உள்ளேயே நொறுங்கிடும்.

#8 கெடிலக்கரை

அருமைங்க. ஒரு சந்தேகம். ஓட்டை 60 மி.மீ. போயிடுச்சு, உருளை உள்ளே நிக்குது, ஆனா அடியில இன்னும் மலையோட ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு? அதை எப்படிப் பிய்க்கிறது? கையை ஆட்டினா போதுமா?

#9 லேத்_முதலியார்பேட்டை

கையை ஆட்டாதீங்க. முனை வளையும், முட்டுக் கம்பி நகரும், உருளை மேல்பாதியில உடையும். பெர்சிவரன்ஸ்ல இதுக்கு வெச்சிருக்கிற யுக்தி ரொம்ப நுட்பமானது. நம்ம லேத்துலயே செஞ்சுடலாம், அதனால விவரமாச் சொல்றேன்.

துளைமுனைக்குள்ள மாதிரிக் குழாய் உட்காருது. முனையோட உள்துளையை நடு அச்சிலிருந்து 0.7 மி.மீ. தள்ளிக் கடையணும். குழாயோட உள்துளையையும், குழாயின் வெளிவட்ட நடுவிலிருந்து அதே 0.7 மி.மீ. தள்ளிக் கடையணும். ரெண்டு தள்ளலும் எதிரெதிர்த் திசையில இருக்கும்போது ஒண்ணை ஒண்ணு அடிச்சுப்போட்டு, குழாய்த் துளை துல்லியமா நடுவுக்கு வந்துடும். அந்த நிலையில துளைக்கிறீங்க. முடிஞ்சதும் முனையை நிறுத்தி, குழாயை மட்டும் 180 டிகிரி திருப்புங்க. இப்ப ரெண்டு தள்ளலும் ஒரே பக்கம் சேர்ந்து 1.4 மி.மீ. ஆகுது. குழாய்ச் சுவர் உருளையை ஒரு பக்கமா தள்ளுது, உருளை அடியில ‘டக்’னு ஒடியுது. வளைவு அதிகமா விழுற இடம் அடிதான், அதனால அங்கேயே ஒடியும்.

குழாயோட உள்விட்டம் 14 மி.மீ. வெச்சா உருளைக்கும் சுவருக்கும் ஒவ்வொரு பக்கமும் 0.5 மி.மீ. இடைவெளி. 1.4-ல அந்த 0.5 சும்மா போயிடும், மீதி 0.9 தான் வேலை செய்யும். இடைவெளியை 1 மி.மீ. ஆக்கிட்டீங்கன்னா 0.4 மட்டும் மிஞ்சும். உருளை ஒடியாம சாய்ஞ்சு நிக்கும். கடைசல்ல 0.1 மி.மீ. தவறினாலே இங்கே தெரிஞ்சுடும், பொறுமையாச் செய்யச் சொல்லுங்க.

#10 மொரட்டாண்டி_மேடு

ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கடலூர் மணற்பாறையில் கிடையான படிவுக் கோடுகள் இருக்கும். அடுக்குக்குச் செங்குத்தாகத் துளைத்தால் உருளை ரொட்டித் துண்டு மாதிரி நாலைந்து வட்டாக ஒடிந்து வரும். அது தோல்வி இல்லை. வரிசை கலையாமல் குழாயில் இருந்தால் போதும். அடுக்குக்கு இணையாக, ஓடைச் சுவரில் பக்கவாட்டாகத் துளைத்தால் உருளை நீளவாக்கில் பிளக்கும், பாதி மண்ணிலேயே தங்கிவிடும். அதைத் தவிருங்கள்.

#11 வீராம்பட்டினம்_அலை

மூணாவது கேள்விக்கு இவ்வளவு சிக்கல் வேண்டாமே? குழாய் வாயில ஒரு சின்ன கேமரா வெச்சா கல் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடப் போகுது. எல்.இ.டி. விளக்கு ஒண்ணு சேர்த்துக்கலாம்.

#12 சுண்ணாம்பாறு

கேமரா வேண்டும், ஆனால் கேமரா மட்டும் போதாது. ரோஷெட் பாறையில் நடந்ததைப் பாருங்கள். துளைத்து முடித்ததும் எடுத்த படத்தில் குழாய்க்குள் கல் தெளிவாகத் தெரிந்தது. அடுத்து, குழாய் விளிம்பில் ஒட்டியிருக்கும் துகள்களை உதிர்க்கத் துளைக்கருவியை அதிர வைப்பார்கள். அதிர வைத்த பிறகு எடுத்த படத்தில் உள்ளே இருட்டு. வெயில் கோணம் சரியில்லை. கல் இருக்கிறதா, அதிர்வில் விழுந்துவிட்டதா? ரூபியானில் சூடுபட்ட குழு, அங்கேயே நிறுத்தி, வெயில் வேறு கோணத்தில் விழும் நேரத்தில் மறுபடி படம் எடுத்து, கல் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் குழாயை உள்ளே அனுப்பியது.

உள்ளே போன பிறகும் இரண்டு சோதனை உண்டு. வண்டி வயிற்றில் அரை மீட்டர் நீளத்தில் இன்னொரு குட்டிக் கை இருக்கிறது. அது குழாயை எடுத்து, ஓர் அளவுகோல் கம்பி மேல் ஏற்றும். கம்பி எவ்வளவு தூரத்தில் முட்டுகிறதோ அதிலிருந்து கல்லின் அளவு தெரியும். பிறகு உட்புறக் கேமரா படமெடுக்கும். அப்புறம்தான் மூடி.

கேமரா ‘இருக்கிறது’ என்று சொல்லும்; எவ்வளவு என்று கம்பிதான் சொல்லும். உங்கள் மாதிரியில் மூன்றாவதாக எடையும் பார்க்கலாம், பூமியில் அது எளிது. கணக்கு இதோ: 13 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம் என்றால் கன அளவு கிட்டத்தட்ட 8 கன செ.மீ. மணற்பாறையின் அடர்த்தி 2.1 என்று வைத்தால் 17 கிராம் வர வேண்டும். கம்பி 60 மி.மீ. என்று காட்டி, எடை 9 கிராம் என்று வந்தால் உள்ளே இருப்பது உருளை இல்லை, தளர்வான பொடி. கம்பி 30 காட்டி எடை 8.5 என்றால் பாதி உருளை, ஆனால் நல்ல உருளை. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மூன்றாவது கேள்வி தீர்ந்தது.

கம்பிக்கு: 6 மி.மீ. அலுமினியக் கம்பி, நுனியில் தட்டையான நைலான் பொத்தான், பின்னால் மென்மையான ஸ்பிரிங். ஸ்டெப்பர் மோட்டாரில் இறக்கி, ஸ்பிரிங் 2 மி.மீ. சுருங்கியதும் நிறுத்தும்படி ஒரு மைக்ரோ ஸ்விட்ச். கூரான நுனி வைத்தால் பொடிக்குள் குத்தி இறங்கித் தவறான எண் காட்டும்.

#13 வீராம்பட்டினம்_அலை

ஒத்துக்கிறேன். எடையும் நீளமும் சேர்த்துப் பார்க்கிற யோசனை எனக்குத் தோணலை. அப்ப உருளை முழுசா வந்தா வேலை முடிஞ்சதுதானே?

#14 பெண்ணை_வடகரை

முழுசா வந்தாலும் சிக்கல் வரும். 2021 டிசம்பர் 29. இஸோல்ங்கற பாறையில உருளை எடுத்தாச்சு. துளைமுனையைக் குழாயோட, வண்டி முன்னால இருக்கிற சுழல் தட்டுல கொண்டுபோய் வைக்கணும். வைக்கும்போது வழக்கத்தை விட எதிர்ப்பு அதிகம்னு உணரி சொல்லிச்சு. வண்டி தானாவே நின்னுடுச்சு. படம் எடுத்துப் பார்த்தா, குழாயிலிருந்து விழுந்த கூழாங்கல் துண்டுகள் சுழல் தட்டுக்குள்ள கிடக்குது.

எப்படிச் சரி பண்ணாங்க? அவசரப்படலை. முதல்ல வண்டிக்கு அடியில இருக்கிற தரையைப் படம் எடுத்தாங்க, என்ன விழுதுன்னு அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க. துளைக்கருவியைக் கீழ்நோக்கித் திருப்பி அதிர வெச்சு, குழாயில மிச்சமிருந்த கல்லையும் கொட்டினாங்க. சுழல் தட்டைத் திருப்பி, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சக்கரத்தோட ஆட்டத்துலயே கற்களை விழ வெச்சாங்க. ஜனவரி முழுக்க இதே வேலை. அப்புறம் அதே பாறையில மறுபடி உருளை எடுத்தாங்க.

உங்க மாதிரிக்குப் பாடம்: குழாய் போகிற பாதைக்குக் கீழே எங்கேயும் தட்டையான அடித்தகடு வைக்காதீங்க. கல் தங்க இடம் கொடுத்தா தங்கும். சல்லடை மாதிரி 15 மி.மீ. ஓட்டை போட்ட தகடு வெச்சா தானா கீழே போயிடும். மோட்டார் இழுக்கிற மின்னோட்டம் வழக்கத்தை விட 30 சதவீதம் ஏறினா நிறுத்தணும்னு நிரலிலேயே எழுதிடுங்க. தள்ளிப் பார்க்கலாம்னு ஒரு வரிகூட எழுதாதீங்க.

#15 கெடிலக்கரை

எழுதிக்கிட்டோம். தளர்வான மண்ணும் எடுக்கணும்னு குழு ஆசைப்படுது. அதுக்குக் கல் மாதிரித் தொல்லை இருக்காதுன்னு நினைக்கிறோம்.

#16 மொரட்டாண்டி_மேடு

மண் இன்னும் தொல்லை. செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் 2008-ல் மண்ணை அள்ளி அடுப்புக்கு மேலே இருந்த சல்லடையில் கொட்டியது. மண் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, கண்ணியில் இறங்கவே இல்லை. பல நாள் குலுக்கிய பிறகே அடுப்பு நிறைந்தது. இன்சைட் என்ற இன்னொரு செவ்வாய்க் கலம் கொண்டுபோன தானாகக் குத்தி இறங்கும் வெப்ப அளவி, 5 மீட்டர் போக வேண்டியது, மேற்பரப்பை விட்டு சில செ.மீ. மட்டுமே இறங்கியது. சுற்றியுள்ள மண் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. உரசல் இல்லாததால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் எகிறியது. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள்.

பெர்சிவரன்ஸ் 2022 டிசம்பரில் மண் எடுத்தபோது அதற்கென்றே தனி முனை வைத்திருந்தது. உருளை முனையின் வாய் திறந்தே இருக்கும். மண் முனைக்குக் கூர் மூக்கு, பக்கத்தில் சின்னத் துவாரம்.

கடற்கரை மணலில் மட்டும் சோதித்துவிட்டு மண் எடுக்கும் கருவி தயார் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தேவனாம்பட்டினத்து மணல் உருண்டைத் துகள், காய்ந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். கேப்பர் மலைச் செம்மண்ணில் களி இருக்கிறது, கடலோர ஈரக் காற்றிலேயே காலையில் கட்டி தட்டியிருக்கும், மதியம் உதிரும். ஒரே மண்ணைக் காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் எடுத்துப் பாருங்கள், இரண்டு தனித்தனிக் கருவி தேவைப்படுவது போல இருக்கும். பக்கத் துவாரம் 8 மி.மீ.-க்குக் குறைய வேண்டாம்.

#17 பெண்ணை_வடகரை

சக்கரத்தை யாரும் பேசலையே. அந்த மேட்டுக்கு ஏறினாத்தானே துளை? மழை பெஞ்சு காய்ஞ்ச பிறகு செம்மண் மேல ஒரு பொருக்கு கட்டியிருக்கும், கெட்டித் தரை மாதிரி தெரியும். சக்கரம் ஏறினா அப்பளம் மாதிரி உடைஞ்சு, கீழே இருக்கிற பொலபொல மணல்ல இறங்கிடும். செவ்வாயில ஸ்பிரிட் ரோவர் 2009-ல சிக்கினது இப்படித்தான். மேலே பொருக்கு, கீழே இரும்பு சல்பேட் கலந்த தளர்மண். அந்த வண்டியோட முன் வலது சக்கரம் 2006-லேயே செத்துப் போயிருந்தது. மீளவே இல்லை, 2010 மார்ச்சுக்குப் பிறகு அதோட குரல் வரலை. அந்தச் செத்த சக்கரத்தை இழுத்துக்கிட்டுப் போனப்பத்தான், 2007-ல, மண்ணுக்கு அடியில 90 சதவீதம் சிலிக்கா இருந்த வெள்ளை மண்ணைக் கிளறிக் காட்டிச்சு. திருவக்கரை மரத்தைக் கல்லாக்கினதும் சிலிக்காதான், அதை நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்க்குது.

செய்ய வேண்டியது: வழுக்கலை அளக்கணும். சக்கரச் சுத்தை எண்ணி 1 மீட்டர் போகச் சொல்லுங்க, தரையில நாடா போட்டு உண்மையா எவ்வளவு போச்சுன்னு பாருங்க. 70 செ.மீ. போனா வழுக்கல் 30 சதவீதம். 40-ஐத் தாண்டினா வண்டி நிக்கணும், பின்வாங்கணும். மோட்டார் நிமிஷத்துக்கு 10 சுத்து போதும். 15 செ.மீ. சக்கரத்துக்கு அது வினாடிக்கு 8 செ.மீ. பெர்சிவரன்ஸோட உச்ச வேகமே வினாடிக்கு 4.2 செ.மீ. தான். 60 சுத்து மோட்டார் போட்டா பார்க்க ஜோரா இருக்கும், பொருக்கு உடைஞ்சதும் தோண்டிக்கிட்டு உள்ளே போயிடும்.

#18 வீராம்பட்டினம்_அலை

சுத்தம் பத்தியும் சொல்லுங்க. மாதிரியில கை வேர்வை, கிரீஸ் எல்லாம் ஒட்டினா என்ன பிரயோஜனம்?

#19 சுண்ணாம்பாறு

நல்ல கேள்வி. பெர்சிவரன்ஸில் 43 குழாய்கள். அதில் 5 சாட்சிக் குழாய்கள். அவற்றில் கல் எடுப்பதில்லை. மற்றக் குழாய் படும் அத்தனை படியையும் அவையும் பட்டு, கல் இல்லாமலேயே மூடப்படும். பூமியிலிருந்து ஒட்டி வந்த அழுக்கு எது, செவ்வாயின் பொருள் எது என்று பின்னால் பிரித்தறிய அவைதான் ஆதாரம். 2024 ஜூலையில் செயாவா ஃபால்ஸ் பாறையிலிருந்து எடுத்த சஃபையர் கேன்யன் என்ற உருளையைப் பற்றி, தொன்மையான உயிரின் சுவடாக இருக்கக்கூடும் என்று 2025 செப்டம்பரில் ஆய்வுக் கட்டுரை வந்தது. ‘இருக்கக்கூடும்’ என்பது ‘இருக்கிறது’ ஆக வேண்டுமானால் அந்தக் குழாய் ஒருநாள் பூமியின் ஆய்வகத்துக்கு வர வேண்டும், கூடவே ஒரு சாட்சிக் குழாயும் வர வேண்டும். அவை அங்கேயே கிடந்துவிடக் கூடாது என்பது என் மனப்பூர்வமான ஆசை.

மாணவர்களும் 5 குழாய்க்கு ஒன்று சாட்சியாக வைக்கட்டும். துளைமுனைக்கு எண்ணெய் போடக் கூடாது. குழாயை ஸ்பிரிட்டில் கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, 120 டிகிரியில் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்து எடுத்தால் போதும். மூடிக்கு ரப்பர் ஓ-ரிங் போடுவதானால் அதையும் சாட்சிக் குழாயிலும் போட வேண்டும்.

#20 கெடிலக்கரை

கடைசியா ஒரே ஒரு கேள்வி. துளைச்சு முடிச்சு, கம்பி பூஜ்யம் காட்டினா, அந்த நேரத்துல எந்த வரிசையில என்ன செய்யணும்? பசங்க பதட்டத்துல எதையாவது அமுக்கிடுவாங்க.

#21 சுண்ணாம்பாறு

முதலில் எதையும் நகர்த்த வேண்டாம். கம்பியை மேலே எடுத்து மறுபடி ஒருமுறை அளவெடுங்கள். சில சமயம் குழாய் வாயில் ஒரு சின்னத் துணுக்கு நின்று ஏமாற்றும். இரண்டாவது முறையும் பூஜ்யம் என்றால், ஓட்டையைப் படமெடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில். ஓட்டைக்குள் உருளை ஒடியாமல் நிற்கிறதா, அடியில் பொடி கிடக்கிறதா, சுற்றிய குவியல் வழக்கத்தை விடப் பெரிதா என்று மூன்றையும் பாருங்கள். உருளை நின்றால் ஒடிக்கும் பொறியில் குறை, முதலியார்பேட்டை நண்பர் சொன்ன 0.5 மி.மீ. இடைவெளியை அளந்து பாருங்கள். பொடி என்றால் பாறை தப்பு. அதே பாறையில் இரண்டாவது ஓட்டை போடாதீர்கள், மேட்டில் இன்னும் உயரமாகத் துருத்தி நிற்பதைத் தேடுங்கள். ஓட்டையும் வெறுமை, குவியலும் சின்னது என்றால் உருளை வழியில் விழுந்திருக்கிறது. துளைத்த இடத்திலிருந்து வண்டி வந்த தடத்தைப் படமெடுத்துத் தேடுங்கள்.

குழாயைத் தூக்கி எறிய வேண்டாம். ரூபியானில் காலியாகப் போன அந்தக் குழாய் மூடியோடு இருந்ததால் அதற்குள் செவ்வாயின் காற்று அடைபட்டிருக்கிறது. 2022 டிசம்பர் 21 முதல் த்ரீ ஃபோர்க்ஸ் என்ற இடத்தில் தரையில் வைத்த 10 குழாய்களில் அதுவும் ஒன்று, காற்று மாதிரி என்ற கணக்கில். உங்கள் காலிக் குழாய்க்கும் மூடி போட்டு, எண், நேரம், ஈரப்பதம் எழுதி, கல் குழாய்களோடேயே ஒரே பெட்டியில் வையுங்கள்.

#22 கெடிலக்கரை

ரொம்ப நன்றிங்க. கையை எடுத்துட்டு வயித்துக்குக் கீழே செங்குத்துச் சட்டம்னு முடிவாகிடுச்சு. முனை வரைபடத்தை முதலியார்பேட்டை அண்ணா சொன்ன அளவுலயே போட்டு இங்கே ஏத்தறோம், 0.7 தள்ளல் எந்தப் பக்கம்னு மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்க.

#23 லேத்_முதலியார்பேட்டை

ஏத்துங்க, பார்த்துடறேன். முனையிலயும் குழாயிலயும் தள்ளல் இருக்கிற பக்கத்துக்கு வெளியே ஒரு சின்னப் புள்ளி குத்தி வைக்கச் சொல்லுங்க. மாட்டும்போது ரெண்டு புள்ளியும் எதிரெதிரா இருக்கணும்.